நெளியாத வளையங்கள்

அவள் கையில் எந்தக் குச்சி கிடைத்தாலும் அதன் நுனி தரையைப் பார்க்காது. குடையானாலும் சரி, துடைப்பமானாலும் சரி, அடுப்பில் கிளறுகிற கரண்டியானாலும் சரி, ஒரு விரற்கடை மேலே தூக்கி, சற்றே முன்னால் சாய்த்துத்தான் பிடிப்பாள். பஸ் நிறுத்தத்தில் மடக்கிய குடையோடு அவள் நிற்பதைப் பார்த்தால், எதிர்ச்சாரியிலிருந்து யாரோ எதையோ எறியப் போகிறார்கள், இவள் அதை வாங்கக் காத்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். பிடிக்கிறபோது அவளுக்கே இது தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியும். கரண்டிக் காம்பு வழியாகச் சூடான எண்ணெய் இறங்கி அவள் முழங்கையைச் சுட்ட நாளிலிருந்து, "கொஞ்சம் கீழ பாத்துப் பிடி" என்று சொல்லிச் சொல்லி அவர் வாய் ஓய்ந்துபோனதுதான் மிச்சம்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். அவள் உட்கார மாட்டாள். டீயை நின்றுகொண்டே குடிப்பாள், அதுவும் இரண்டு இடத்தில். பாதி அடுப்படியில், மீதி வாசற்படியில். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தொழிற்சாலையில் அவளுக்குப் 'பம்பரம்' என்று பெயர். லிப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார்: "நான் பாக்குற லிப்டுகூட ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்ச நேரம் நிக்கும்."

அவள் வேலை பார்த்தது பெயின்ட் வாளிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடத்தில். மெஷின் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் ஒரு மூடி ஓடுகிற பட்டையில் விழுந்து, இன்னும் சூடு ஆறாமல் அவள் மேசைக்கு வரும். வளைந்த சின்னக் கத்தியால் விளிம்பில் ஒட்டிய பிசிறைச் சுற்றி எடுப்பாள். பிறகு மூடியைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் விளிம்பு வழியே ஒரு பார்வை. மூடியை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. நேராக இருந்தால் வலப்பக்க அடுக்கு, நெளிந்திருந்தால் இடப்பக்கக் குவியல். ஒரு மூடிக்கு இரண்டு மூச்சு நேரம். நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் அவளுக்கு அது ஒத்துப்போயிற்று. அளவுகோல், கண்ணாடிப் பலகை எதுவும் அவள் மேசையில் கிடையாது. அவள் கழித்தால் கழித்ததுதான்.

கழித்த மூடிகள் அரவைக்குப் போகும். போவதற்கு முன்னால் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை. அந்த மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வளையம் நிற்கும். அதுதான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வேண்டிய சாமான். இன்னொரு சாமான், கை நீளத்துக்கு அறுத்த துடைப்பக் கட்டை.

விளையாட்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளியில் நடக்கும். பன்னிரண்டு எட்டுத் தூரத்தில் இரண்டு கோடு. ஒருத்தி "வருது" என்று சொல்லி வளையத்தைக் கையால் சுழற்றி எறிவாள். எதிரில் நிற்பவள் அதைக் கம்பில் வாங்க வேண்டும். வளையம் கம்பு வழியாக வழுக்கி மணிக்கட்டைத் தொட்டால் ஒரு புள்ளி. கையில் பிடிக்கக் கூடாது, உடம்பில் படக் கூடாது. இதற்கு மேல் ஒரே ஒரு விதிதான் உண்டு, அதை மட்டும் யாரும் மீறியதில்லை: விழுந்த வளையத்தை விட்டவள் எடுக்கக் கூடாது, எறிந்தவள்தான் நடந்துவந்து எடுக்க வேண்டும். கண்டபடி எறிகிறவர்களை நடக்கவைப்பதற்காக எப்போதோ யாரோ வைத்த விதி. பிடிக்கிறவள் மோசமாக இருந்தாலும் நடப்பது எறிகிறவள்தான் என்பது அவர்களுக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் விதி பழகிவிட்டது.

அவளுக்கு எறிகிறவள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. புருஷன் கப்பல் வேலைக்குப் போய் வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவர். அதனால் மாடி அறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு இவர்களோடு இருக்கிறாள். இவளுக்கு நேரெதிர். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரை அசைய மாட்டாள். பேச்சும் அப்படித்தான், அளந்து வெட்டிய துணி மாதிரி. அண்ணியும் நாத்தனாரும் வீட்டில் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. கோட்டில் நின்றால் மட்டும் பத்தில் ஒன்பது வளையம் மணிக்கட்டுக்கு வந்து சேரும்.

நெளிந்த மூடியில் வெட்டிய வளையம் ஒழுங்காகப் பறக்காது. தலையை ஆட்டிக்கொண்டு, வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வரும். அந்த ஆட்டத்தைக் கணித்துக் கம்பை நீட்டுவதில்தான் அவள் கெட்டிக்காரி.

இந்தக் கதை நடந்த வருடத்தில் இடப்பக்கக் குவியல் வளர ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து மூடி கழிந்தால் அதிகம். அது பதினைந்தாயிற்று, முப்பதாயிற்று. விளிம்பைப் பார்த்தால் நடுவில் ஒரு நெளிவு, யாரோ பெருவிரலால் அமுக்கிவிட்ட மாதிரி. மூடிக்கு மூடி அதே இடத்தில். மூடி வார்க்கிற அச்சுதான் கெட்டுப்போயிற்று என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மெஷின்காரர் அந்த மெஷினோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர். ஒரு நாள் குவியலைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"ஏம்மா பம்பரம், காலையிலருந்து எத்தன கழிச்சிருக்க?"

"கோணலா வந்தா கழிக்கத்தான் செய்வேன். உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சுண்ணே."

"எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லு, தாங்கிக்கிறேன். மெஷினச் சொல்லாத."

அவர் எங்கிருந்தோ ஒரு தடித்த கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழித்த மூடி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து விளிம்பை ஒரு விரலால் தட்டினார். நெளிந்த மூடியானால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு டக்டக்கென்று ஆடும். இது ஆடவில்லை. இன்னொன்றை வைத்தார். அதுவும் ஆடவில்லை.

"சத்தம் கேக்குதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கண்ணாடி கோணலா இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மெஷின்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கை வேலையைச் செய்தது, கால்கள் மேசைக்குக் கீழே இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஆனாலும் கண்ணெதிரே நெளிவு தெரிகிறபோது அவள் என்ன செய்வாள்? பத்தொன்பது வருடம் பார்த்த கண் அது. அதை நம்பாமல் கண்ணாடியை நம்பச் சொல்கிறார்களா?

வெள்ளிக்கிழமை மேஸ்திரி வந்து சொன்னார்: திங்களன்று அச்சைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பப் போகிறோம், அது திரும்பிவருகிறவரை மெஷின்காரர் அரவைப் பக்கம் போகட்டும். மெஷின்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

கழிவு மூடி அவ்வளவு கிடந்ததால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் புதிதாகப் பத்து வளையம் வெட்டி, தோளில் மாட்டிக்கொண்டு போனாள். தொட்டிக்குப் பின்னால் வழக்கமான ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாரம் முழுக்கக் கடிதம் கொண்டுபோய் நடந்து நடந்து கால் ஓய்ந்த தபாலக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"என்னடி, வளையக் கடையே போட்டுட்டியா?"

நாத்தனார் கோட்டில் நின்று "வருது" என்றாள். வளையம் வந்தது. கம்பு நீண்டது. வளையம் கம்பைத் தாண்டிப் போய்த் தரையில் உருண்டது. நாத்தனார் நடந்துவந்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தது கம்பின் நுனியில் பட்டுத் தெறித்தது. அதற்கடுத்தது அவள் காதில் வந்து மோதியது.

"காதுல மாட்டிக்க அது கொஞ்சம் பெருசுடி" என்றாள் தபாலக்கா.

அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளங்கை வியர்த்துக் கம்பு வழுக்கியது. கம்பைப் புடவையில் துடைத்தாள், கையை மாற்றினாள், கோட்டைவிட்டு அரை எட்டுப் பின்னால் போனாள், முன்னால் வந்தாள். பத்துக்கு மூன்றுதான் மணிக்கட்டுக்கு வந்தது. ஏழாவது முறை நடந்துவந்த நாத்தனார் வளையத்தை எடுத்தாள், ஆனால் திரும்பிப் போகவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தொட்டியின் சிமெண்டுப் படியில் அதைப் படுக்கவைத்து, ஊசி பிடித்துக் காய்த்த விரலால் விளிம்பைச் சுற்றிலும் தட்டினாள்.

"அண்ணி, இது எங்க எடுத்தது?"

"கழிச்சதுல. நல்ல மூடிய வெட்டுவேனா?"

"இது நல்ல மூடி."

"உனக்கென்ன தெரியும் மூடியப் பத்தி?"

"மூடி தெரியாது. நேரு எது, கோணல் எதுன்னு தெரியும். இத்தன வருசமா எறியறேன், ஒண்ணாவது தலையாட்டாம பறந்திருக்கா? இன்னிக்குப் பத்தும் கோடு போட்ட மாதிரி போகுது. நேரா வர்றத விடறீங்க."

"காத்து."

நாத்தனார் பக்கத்துக் கட்டிடத்தின் மாடியில் காயப்போட்ட துணிகளைப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் வேகமாக முன்னால் போனாள், பிறகு நின்றாள், பிறகு மறுபடியும் போனாள். வீடு வந்ததும் நாத்தனார் மாடிக்குப் போய் யாரோ சட்டை தைக்கக் கொடுத்திருந்த கட்டம் போட்ட துணியை எடுத்துவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"மூடி பாக்குற மாதிரி பாருங்க. வலது கண்ண மூடிக்கிட்டு."

அவள் பார்த்தாள். ஓரத்துக் கட்டங்கள் ஒழுங்காக இருந்தன. நடுவில் கோடுகள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு குழியில் போய் விழுந்தன. குழிக்குள் ஒன்றுமே இல்லை, கறுப்புக்கூட இல்லை. கண்ணை மாற்றிப் பார்த்தாள். கட்டம் கட்டமாக இருந்தது. மறுபடியும் மாற்றினாள். குழி.

"துணி சுருங்கிருக்கு" என்றாள்.

"அண்ணி."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். பிறகு, நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதில் உட்கார்ந்தாள். அதைக் கண்டுதான் நாத்தனாருக்குப் பயம் வந்தது.

ஒன்று மட்டும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கண் இப்படியென்று தெரிந்தால் அந்த மேசை அவளுக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால் மேசை கொஞ்ச நாள் இருக்கும். மெஷின்காரர் அரவைத் தூசியில் நிற்பார். அன்று பொழுது சாயும்வரை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பாத்திரத்தையெல்லாம் எடுத்துத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள்.

திங்களன்று மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள். மெஷின்காரர் அச்சின் திருகுகளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதக் கழட்ட வேணாம்."

"ஏன்?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. கண்ணாடியும் சரியாத்தான் இருக்கு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கண்ணு?"

"இடது."

"மொதல்ல டாக்டரப் பாரு. மேஸ்திரிகிட்ட நான் பேசறேன்." அவள் நகர்ந்த பிறகு முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்: "கண்ணாடி கோணலாம்ல."

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண், வேகமாகப் பேசுகிறவள். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். பார்வையின் நடுப்புள்ளியில் ஊசி முனையளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது, ஏழெட்டு மாதம் இருக்கலாம், இன்னும் விட்டால் அந்தக் கண்ணின் நடுப்பார்வை திரும்பாது என்றாள். அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைப்பார்களாம். அது உள்ளிருந்து ஓட்டையை அழுத்திப் பிடித்தால் ஓட்டை மூடிக்கொள்ளும்.

"குமிழ் எப்பவும் மேல்பக்கமாத்தான் போகும். நீங்க முகத்தக் கவுத்து வச்சிருந்தாத்தான் அது ஓட்டை மேல நிக்கும். தலையத் தூக்கினா நகர்ந்துடும்."

"எவ்வளவு நேரம் கவுத்து வைக்கணும்?"

"பத்து நாள்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்னு கேட்டேன்."

"நாள் முழுக்கத்தான். சாப்பிட, குளிக்க, மணிக்கு அஞ்சு பத்து நிமிஷம் எழுந்துக்கலாம், அப்பவும் குனிஞ்ச தலை நிமிரக் கூடாது. தூக்கமும் குப்புறத்தான்."

அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, வேற வைத்தியம் ஏதாவது இருக்கா? இவளுக்கு உக்கார்றதுங்கிற பழக்கமே கிடையாது."

கத்தியைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பத்து நாள்தான் மனதில் நின்றது. அறுவை செய்கிற செவ்வாய்க்கிழமை காலையில், கூப்பிடுகிறவரை ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை ஒன்பது முறை சுற்றி நடந்தாள். பத்தாவது சுற்றில் நாத்தனார் வழியில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி ஓடிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை.

வீட்டுக்காரர் பலகையில் ஒரு சட்டம் செய்து மேசை விளிம்பில் பொருத்தியிருந்தார். முகம் பதிகிற அளவுக்கு நடுவில் ஓட்டை, நெற்றி படுகிற இடத்தில் பழைய லிப்ட் கதவின் ரப்பர் பட்டை. ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை அதில் கவிழ்த்தால் தரை மட்டும் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு இடது கண்ணில் குமிழும் தெரிந்தது. கறுத்த விளிம்போடு வட்டமாக, அவள் தலை அசைந்தால் தானும் அசைந்து, வளையம் மாதிரியே இருந்தது. எட்டிப் பிடிக்க முடியாத வளையம்.

வலது கண்ணால் தரையைப் படித்தாள். முப்பத்திரண்டு கல், அதில் இரண்டில் விரிசல். வருகிறவர்களைக் காலை வைத்துத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்காரர் வலது செருப்பை முதலில் கழற்றுவார். நாத்தனாரின் வலது பாதம் தையல் மெஷின் மிதிகட்டையிலேயே இருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதையெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. பார்க்கிற அளவுக்கு ஓரிடத்தில் இருந்தால்தானே? முதல் நாள் முதுகு வலித்தது. இரண்டாம் நாள் கழுத்து. மூன்றாம் நாள் வலியெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. கால் இரண்டும் ஸ்டூலுக்குக் கீழே தானாக நடக்க ஆரம்பித்துவிட்டன. அடுப்படியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதை இறுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"போதும்" என்றாள் தரையைப் பார்த்து. "கண்ணு போனாப் போகட்டும். இன்னொண்ணு இருக்குல்ல. நான் எந்திரிக்கிறேன்."

நாத்தனாரின் பாதங்கள் எழுந்து போயின. குழாய்ச் சத்தம் நின்றது. பாதங்கள் திரும்பி வந்தன. அவள் கையில் ஒரு கம்பு திணிக்கப்பட்டது.

"வருது" என்றாள் நாத்தனார்.

சுவரோரத்திலிருந்து ஒரு வளையம் தரையில் உருண்டு வந்தது. அவள் கண்ணுக்குக் கீழே நாலு கல் அகலம்தான் தெரியும். அந்த நாலு கல்லைத் தாண்டுவதற்குள் கம்பை நுழைத்துவிட வேண்டும். நுழைக்கவில்லை. வளையம் அலமாரியில் முட்டி விழுந்தது. நாத்தனார் நடந்துவந்து எடுத்துக்கொண்டு போனாள்.

"வருது."

அன்று எண்பதுக்கு மேல் உருட்டினாள். தைக்க வேண்டிய துணி மாடியில் அப்படியே கிடந்தது. கம்பில் வளையம் மாட்டி டங்கென்று கல்லில் மோதும்போது கீழே கால்கள் ஓடுவதை நிறுத்திவிடும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் இப்படியே ஓடியது. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்பார்: "யாரு முன்னால?" "எறியறவதான்" என்று சட்டத்துக்குள்ளிருந்து இவள் பதில் வரும். எறிகிறவளுக்குப் புள்ளியே கிடையாதே என்று அவர் விழிப்பார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றும் அவள் கையில் கம்பு இருந்தது. விளையாட்டை முடித்துக்கொண்டு எல்லோரும் அவளைப் பார்க்க வந்துவிட்டார்கள். வாசலில் ஏழெட்டு ஜோடிக் கால். புழுதி படிந்த, ஓரம் தேய்ந்த செருப்புகளைப் பார்த்ததுமே தபாலக்கா என்று தெரிந்துவிட்டது.

"பம்பரத்தைக் கவுத்து வச்சிருக்காங்களே" என்றாள் தபாலக்கா. எல்லோரும் சிரித்தார்கள். தபாலக்கா கையில் அன்றைக்கு விளையாடிய வளையம் இருந்தது. கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்துவந்தாள். ஆனால் கொடுப்பது என்றால் அவர்களுக்கெல்லாம் ஒரே வழிதான் தெரியும்.

"வருது" என்றாள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பத்தொன்பது வருடப் பழக்கம் எழுந்துகொண்டது. முகம் சட்டத்தைவிட்டு வந்தது, கை உயர்ந்தது, கம்பு சாய்ந்தது. வளையம் நுனியில் நுழைந்து வழுக்கி அவள் மணிக்கட்டில் வந்து நின்றது.

அவள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். ஆறு நாள் கழித்துப் பார்க்கிற முகங்கள், எல்லாம் வெளிறிப்போயிருந்தன. பிறகுதான், தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. தலையைக் கவிழ்த்தாள். இடது கண்ணில் குமிழ் குலுங்கி, ஆடி, மெல்ல நடுவுக்கு வந்தது.

"எல்லாரும் கிளம்புங்க" என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கால்கள் ஒவ்வொன்றாகப் போயின. தேய்ந்த செருப்பு மட்டும் வாசலில் நின்றது.

"கை தன்னால எறிஞ்சுடுச்சு" என்றாள் தபாலக்கா. அழுகிற மாதிரி இருந்தது.

"தலையும் தன்னாலதான் தூக்குச்சு. போங்கக்கா" என்றாள் தரையைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாலு நாளும் அவள் அசையவில்லை. மணிக்குப் பத்து நிமிடம் எழுந்துகொள்ளலாம் என்று டாக்டர் கொடுத்திருந்த சலுகையையும் வேண்டாமென்றுவிட்டாள். சாப்பாட்டைக் கவிழ்ந்தபடியே சாப்பிட்டாள். நாத்தனார் வளையத்தை எடுத்தால், "வேணாம்" என்றாள். வெளியே பார்த்தால் கல்லாகிவிட்டாள் என்று தோன்றும். உள்ளே மட்டும் நிற்கவே இல்லை: ஒரு மூச்சு நேரமா, இரண்டு மூச்சு நேரமா? குமிழ் எவ்வளவு நகர்ந்தது? மூடிக்கொண்டிருந்த ஓட்டை மறுபடியும் திறந்திருக்குமா? வீட்டுக்காரரிடம் கேட்டாள். "வளையம் வாசல்லருந்து வர்ற நேரந்தான்" என்றார். நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். துணியை மடியில் போட்டுக் கையாலேயே காஜா தைத்துக்கொண்டு, அந்த நாலு நாளும் அங்கேயே இருந்தாள். அவளுடைய பாதமும் ஊசியும் மட்டும் இவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன.

பதினோராம் நாள் டாக்டர் விளக்கை அடித்துப் பார்க்கும் முன்பே இவள் சொல்லிவிட்டாள்.

"ஆறாம் நாள் தலையத் தூக்கிட்டேன்."

"எதுக்கு?"

"வளையம் வந்துச்சு."

டாக்டர் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டு, கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தாள். அந்த இருட்டறையில் ஸ்டூல் காலில் இவள் கால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிடிச்சீங்களா?" என்றாள் டாக்டர் கடைசியில்.

"பிடிச்சேன்."

"ஒரு நிமிஷம் தூக்கினதால ஒண்ணும் ஆகல. மூடிக்கிச்சு. ரொம்ப நாளானதால முழுசா நேராகாது. கொஞ்சம் நெளிவு இருக்கத்தான் செய்யும்."

நாத்தனார்தான் முதலில் எழுந்து வெளியே போனாள். இவள் போய்ப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி நடைவழியில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

குமிழ் வாரத்துக்கு வாரம் சிறுத்தது. தட்டளவில் இருந்தது பொத்தானாயிற்று, பாசிமணியாயிற்று. ஒரு காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கும்போது காணாமல் போயிற்று. இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். மெஷின்காரர் தடித்த கண்ணாடிப் பலகையை அவள் மேசையில் பதித்துவைத்திருந்தார். "கோணலா இருக்கான்னு நீயே ஒரு தடவ பாத்துக்க" என்றார். தபாலக்கா அந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் கடிதத்தை வாசலில் வைத்துவிட்டு, "வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. மூடியை இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் வைத்துத் தட்டுகிறாள். கட்டம் போட்ட துணியில் ஒரு கட்டம் மட்டும் கொஞ்சம் ஒடுங்கித் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துக்கு ஆறு வளையம் பிடிக்கிறாள். மற்ற நாலுக்கும் நாத்தனார் நடந்துவந்து எடுத்துக்கொண்டு போகிறாள். டீயை இன்னும் நின்றுகொண்டேதான் குடிக்கிறாள்.